எவ்ளோ வேணா தூக்கும்!

பழவேற்காட்டில் ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஒல்லியாக ஒரு மணல்திட்டு ஓடுகிறது. அதன்மேல் வரிசையாகக் குப்பங்கள். அதில் ஒன்றில் போன ஐப்பசியில் நான் பார்த்த காட்சியை முதலில் சொல்லிவிடுகிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். சொன்னால் அந்த ஊர் மட்டும்தான் அப்படி என்று மற்ற ஊர்க்காரர்கள் நிம்மதியாகத் தூங்கிவிடுவார்கள்.

வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். கரையில் கிடக்கும் ஃபைபர் படகுகளை மேட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். கட்டுமரக் காலத்தில் கட்டைகளை அவிழ்த்து ஆளுக்கொன்றாகத் தோளில் வைத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஃபைபர் படகை அவிழ்க்க முடியாதே. வாடகைக்கு ஒரு டிராக்டர் வந்தது. முன்னால் இரண்டு இரும்புக் கைகள், கை நுனியில் பெரிய பக்கெட். லோடர் டிராக்டர் என்கிறார்கள். மணிக்கு இவ்வளவு என்று வாடகை. கயிறு போட்டு இழுத்தாலே போதும்தான். ஆனால் வழியில் வேறு படகுகள் கிடந்தன. அவற்றை நகர்த்துவதற்கு நேரமாகும், மீட்டர் ஓடும். 'தூக்கி அந்தாண்ட வெச்சிடலாம்' என்று முடிவாயிற்று.

படகின் வயிற்றில் பட்டை கட்டி, சங்கிலியைப் பக்கெட்டில் மாட்டினார்கள். டிரைவர் லீவரை இழுத்தார். படகு எழும்பவில்லை. டிராக்டரின் பின்சக்கரங்கள்தான் எழும்பின, ஒரு சாண் உயரத்துக்கு. நான் பயந்துபோய் நாலடி பின்வாங்கினேன். மற்றவர்கள் யாரும் பயந்ததாகத் தெரியவில்லை.

டிரைவர் திரும்பிப் பார்த்துக் கத்தினார். "டேய், பின்னாடி நாலு பேர் ஏறுங்கடா!"

ஏறினார்கள். பதினைந்து பதினாறு வயசுப் பையன்கள். இரண்டு பேர் மட்கார்டில், இரண்டு பேர் பின்னால் தொற்றிக்கொண்டு. சக்கரம் தரைக்கு வந்தது. படகு எழும்பியது. எல்லோரும் கைதட்டினார்கள்.

வேலை முடிந்து டீ குடிக்கும்போது அந்த டிரைவரிடம் கேட்டேன். "இந்த லோடர் எவ்வளவு எடை தூக்கும் தம்பி?"

"இன்னா சார் இப்டி கேட்டுட்டீங்க? நாப்பத்தஞ்சு ஹெச்.பி. வண்டி சார். எவ்ளோ வேணா தூக்கும்."

வாசகர்களே, இந்த 'எவ்ளோ வேணா' மேல்தான் எனக்குக் கோபம். அந்தத் தம்பி மேல் இல்லை. அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வண்டியை விற்றவர் சொல்லவில்லை. கடன் கொடுத்தவர் தவணைத் தேதியை மட்டும் சொன்னார். லோடரை மாட்டிக் கொடுத்த பட்டறைக்காரர் வெல்டிங் ஸ்ட்ராங்காக இருக்கிறது என்றார். வண்டி முழுக்கச் சுற்றிப் பார்த்தேன். முன்கண்ணாடியில்லாத குறைக்கு பானெட்டில் சாமி பெயர், மகள் பெயர், 'அப்பாவின் ஆசி' எல்லாம் எழுதியிருந்தது. எத்தனை கிலோ தூக்கலாம் என்று எங்கேயும் எழுதவில்லை.

ஹெச்.பி.க்கும் தூக்கும் எடைக்கும் நேரடி சம்பந்தம் கிடையாது. ஹெச்.பி. என்பது எவ்வளவு வேகமாக வேலை செய்யும் என்கிற சமாசாரம். லோடர் எவ்வளவு தூக்கலாம் என்பதை முடிவு செய்கிறவை வேறு: ஹைட்ராலிக் எண்ணெயின் அழுத்தம், இரும்புக் கையின் பலம், முன் ஆக்ஸிலின் பலம், இவை எல்லாவற்றுக்கும் மேலாக வண்டி கவிழாமல் நிற்கிற சமநிலை. இதில் எது முதலில் தோற்கிறதோ அதுதான் எல்லை.

சமநிலையைப் புரிந்துகொள்ள இன்ஜினீயரிங் காலேஜ் போக வேண்டியதில்லை. வெள்ளிக்கோல் பார்த்திருக்கிறீர்களா? ஒரே கோல், ஒரு பக்கம் பொருள், பிடிக்கிற கயிறு எங்கே இருக்கிறது என்பதுதான் விஷயம். பொருள் கயிற்றிலிருந்து தள்ளிப்போகப் போக அதன் கனம் கூடுகிற மாதிரி ஆகும். மீன்கூடையைக் காவடி கட்டித் தூக்கும் எந்த ஆளுக்கும் இது தோளிலேயே தெரியும். லோடர் டிராக்டரும் ஒரு வெள்ளிக்கோல். முன் ஆக்ஸில்தான் பிடிக்கயிறு. பின்னால் டிராக்டரின் எடை, முன்னால் படகின் எடை.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எண்கள் உதாரணத்துக்கு. உங்கள் வண்டியின் எண் அதன் கையேட்டில்தான் இருக்கும். டிராக்டர் 2,000 கிலோ. அதன் எடை மையம் முன் ஆக்ஸிலுக்குப் பின்னால் 1.2 மீட்டரில். பெருக்கினால் 2,400. லோடரின் இரும்பே 450 கிலோ, அது முன் ஆக்ஸிலுக்கு முன்னால் 60 சென்டிமீட்டர் தள்ளித் தொங்குகிறது. அதற்கு 270 கழிந்தது. மீதி 2,130. பக்கெட்டுக்குள்ளேயே, ஆக்ஸிலிலிருந்து 1.5 மீட்டரில் எடை இருந்தால் 1,420 கிலோவில் பின்சக்கரம் எழும்பும். அதே எடையைச் சங்கிலியில் கட்டி 2.5 மீட்டர் தள்ளித் தொங்கவிட்டால்? 852 கிலோவிலேயே எழும்பிவிடும். வண்டி அதேதான், டிரைவர் அதேதான், ஹெச்.பி.யும் அதே நாப்பத்தஞ்சுதான். ஒரு மீட்டர் தள்ளியதில் 568 கிலோ காணாமல் போய்விட்டது.

இது கவிழ்கிற எடை. தூக்கலாம் என்கிற எடை இல்லை. சக்கரத்தில் ஓடும் லோடர்களுக்கு சர்வதேசத் தரம் என்ன சொல்கிறது தெரியுமா? கவிழ்கிற எடையில் பாதிக்கு மேல் ஏற்றாதே என்கிறது. அதுவும் இறுகிய சமதளத் தரையில். நம் கணக்கில் பாதி என்றால் 426 கிலோ. குப்பத்தில் இறுகிய தரை எங்கே இருக்கிறது? கால் வைத்தால் கணுக்கால்வரை புதைகிற மணல், அதுவும் கடலைப் பார்த்துச் சரிந்த மணல்.

படகு 700 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி மழை பெய்திருக்கிறது. படகுக்குள் 6 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலத்துக்கு வெறும் 10 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் எவ்வளவு எடை? 720 லிட்டர், அதாவது 720 கிலோ! படகுக்குள் இன்னொரு படகு உட்கார்ந்திருக்கிறது. அதோடு, தூக்கும்போது படகு சாய்ந்தால் அந்தத் தண்ணீர் முழுக்க ஒரு பக்கத்துக்கு ஓடும். அந்தக் கரையில் நான் பார்த்த படகிலும் தண்ணீர் இருந்தது. இறைக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. ஒரு வாளி எடுத்து அரை மணி நேரம் இறைத்திருந்தால் நாலு பையன்கள் ஏற வேண்டியிருக்காது.

இப்போது அந்தப் பையன்களுக்கு வருகிறேன்.

நாலு பேரும் சேர்ந்து 200 கிலோ இருப்பார்களா? பின் ஆக்ஸில் பக்கமாக, முன் ஆக்ஸிலிலிருந்து 2 மீட்டரில் அவர்கள் எடை விழுகிறது. நம் கணக்கில் அவர்களால் கூடுதலாகக் கிடைத்தது 160 கிலோ. ஒரு 200 லிட்டர் டிரம்மில் உலர்ந்த மணலை நிரப்பினால் 300 கிலோவுக்கு மேல் வரும். அதைக் கலப்பை மாட்டும் இடத்தில், இன்னும் ஒரு மீட்டர் பின்னால் மாட்டினால் அந்தப் பையன்களைப்போல இரண்டு மடங்குக்கு மேல் வேலை செய்யும். டிரம்முக்கு அம்மா கிடையாது. சங்கிலி அறுந்து, தூக்கிய முன்பாரம் சட்டென்று இல்லாமல் போய், பின்பக்கம் தொப்பென்று தரையில் இறங்கினால் டிரம் தெறித்து விழாது, விழுந்தாலும் டயருக்கடியில் மாட்டிக்கொண்டு அலறாது. கண்ணுக்கெட்டிய தூரம்வரை மணல் இலவசமாகக் கிடக்கும் ஊரில் எடைக்கல்லுக்கு மனிதப் பிள்ளைகளைத் தேடியிருக்கிறோம்.

'அப்போ டிரம் மாட்டிக்கிட்டா படகைத் தூக்கலாமில்ல?' என்று கேட்பீர்கள். மாட்டிய பிறகும் கணக்கைப் போட்டுப் பாருங்கள். கவிழ்கிற எடை 1,236 கிலோ. பாதி 618. படகு, தண்ணீரே இல்லாமல், 700. ஆக, தூக்கக் கூடாது! பின்னால் பாரம் கட்டினால் சமநிலைதான் கூடும். முன் ஆக்ஸிலோ, இரும்புக் கையோ, சங்கிலியோ அதனால் ஒரு கிலோகூட பலமாகாது. கவிழும் தருவாயில் டிராக்டர், லோடர், படகு மூன்றின் எடையும் இரண்டே இரண்டு சின்ன முன்சக்கரங்களில்தான் நிற்கிறது. மூன்று டன்னுக்கு மேல். அது மணலுக்குள் போகாமல் வேறெங்கே போகும்?

முன்பக்கம் குப்புறக் கவிழ்வதுகூடப் பரவாயில்லை, பின்சக்கரம் எழும்பி எச்சரிக்கையாவது கொடுக்கும். பக்கவாட்டில் கவிழ்வது அப்படி இல்லை. பெரும்பாலான டிராக்டர்களில் முன் ஆக்ஸில் நடுவில் ஒரே ஒரு பின்னில் ஊசலாடும்படி மாட்டியிருக்கும், மேடுபள்ளத்தில் நாலு சக்கரமும் தரை தொட வேண்டும் என்பதற்காக. அதனால் பார்க்க நாலு சக்கரம் என்றாலும் கணக்குக்கு அது முக்காலி. பக்கெட்டை உயரத் தூக்கிக்கொண்டு சரிவில் குறுக்காகப் போனால் முக்காலி சாய்கிற மாதிரி சாயும். சாய ஆரம்பித்த பிறகு டிரைவர் குதிக்க நேரம் இருக்காது. அதனால்தான் பாரத்தோடு போகும்போது பக்கெட்டை முழங்கால் உயரத்துக்குமேல் வைக்காதே என்பார்கள். அன்றைக்கு அது தலைக்குமேல் இருந்தது. அடியில் இரண்டு பேர் படகைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள், படகு ஆடக் கூடாதாம்.

இன்னொரு கூத்து. லோடர் தூக்க முடியாத எடையை மாட்டினால் உள்ளே 'ங்ஙீ' என்று ஒரு சத்தம் வரும். அழுத்தம் அளவு மீறும்போது எண்ணெயைத் திருப்பிவிடும் ரிலீஃப் வால்வின் சத்தம் அது. 'அப்பா சாமி, என்னால முடியாது' என்று வண்டி நம் பாஷையில் சொல்ல முடியாமல் அதன் பாஷையில் சொல்கிறது. நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? மெக்கானிக்கிடம் கொண்டுபோய், "ப்ரெஷர் கொஞ்சம் ஏத்திக் குடுண்ணே" என்று வால்வு ஸ்க்ரூவை இறுக்கி வாங்கி வருகிறார்கள். ப்ளட் பிரஷர் மீட்டர் அதிகம் காட்டினால் மீட்டரை உடைக்கிற வைத்தியம். அழுத்தம் ஏறிய ஹோஸ் என்றைக்காவது வெடித்தால் பக்கெட் மெதுவாக இறங்காது. விழும்.

'சார், இதெல்லாம் எழுதப் படிக்க நல்லாயிருக்கும். புயல் வரும்போது கணக்கா போட்டுட்டு இருப்பாங்க?' என்று கேட்கும் வாசகருக்கு ஓர் ஆங்கிலேயரை அறிமுகப்படுத்துகிறேன். பெயர் சாமுவேல் ப்ளிம்சால். பிரிட்டிஷ் பார்லிமென்ட் உறுப்பினர். அவர் காலத்தில் கப்பல் முதலாளிகள் சரக்கை அளவில்லாமல் ஏற்றி, இன்ஷூரன்ஸும் எடுத்துவிட்டு, கப்பலை அனுப்பிவிடுவார்கள். போய்ச் சேர்ந்தால் லாபம், மூழ்கினால் இன்ஷூரன்ஸ். மாலுமிகள் மட்டும் திரும்பி வர மாட்டார்கள். சவப்பெட்டிக் கப்பல்கள் என்றே அவற்றுக்குப் பெயர். 1873-ல் ப்ளிம்சால் இதைப் பற்றிப் புத்தகம் போட்டார். 1875-ல் மசோதாவைத் தள்ளிப்போட்டபோது சபையிலேயே முஷ்டியை ஆட்டிக் கத்தினார், வெளியேற்றப்பட்டார், பிறகு மன்னிப்பும் கேட்டார். 1876-ல் சட்டம் வந்தது. கப்பலின் பக்கத்தில் ஒரு கோடு போடு, அந்தக் கோடு தண்ணீருக்குள் போகிற அளவு ஏற்றாதே. அவ்வளவுதான்.

அதிலும் ஒரு வேடிக்கை. கோடு போட வேண்டும் என்றார்களே தவிர எங்கே போட வேண்டும் என்பதை முதலாளியிடமே விட்டார்கள். கோட்டைப் புகைபோக்கியில் வரைந்த ஒரு கேப்டனின் கதைகூட உண்டு. எங்கே போடுவது என்பதையும் சட்டம் முடிவு செய்ய 1890 ஆயிற்று. இன்று உலகத்தின் எந்தப் பெரிய சரக்குக் கப்பலைப் பார்த்தாலும் அந்தக் கோடு இருக்கும். ஆனால் 1966-ன் சர்வதேச ஒப்பந்தம் விட்டுவிட்ட கப்பல்களில் இந்த இரண்டு ஜாதிகளும் உண்டு: 24 மீட்டருக்குக் குறைந்த புதிய கப்பல்கள், மீன்பிடிக் கப்பல்கள். பழவேற்காட்டுப் படகு இரண்டு வகையிலும் கணக்கில் வராது.

பழவேற்காட்டுக்கு இந்தக் கோடு தேவையா என்று யாராவது கேட்டால் 2011-ஐ ஞாபகப்படுத்துங்கள். டிசம்பர் 25, கிறிஸ்துமஸ். ஏரியைச் சுற்றிப் பார்க்க வந்த உறவுக்கூட்டம் ஒன்று மீன்பிடிப் படகில் ஏறியது. படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். லைஃப் ஜாக்கெட் கிடையாது. இத்தனை பேர்தான் ஏறலாம் என்கிற கோடும் கிடையாது. அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 2009 செப்டம்பர் 30-ல், தேக்கடியில் படகு கவிழ்ந்து 45 பேர் போனதைப் பேப்பரில் எல்லோரும் படித்திருந்தோம். மிருகங்களைப் பார்க்க ஒரு பக்கமாக நகர்ந்தார்கள், படகு சாய்ந்தது. படகுக்குள் நிற்கும் தண்ணீர் சாய்ந்த பக்கம் ஓடுவதும், மனிதர்கள் ஒரு பக்கம் ஓடுவதும் கணக்குக்கு ஒன்றுதான்.

பழவேற்காட்டில் அதற்கப்புறம் என்ன செய்தோம்? சவாரிக்குத் தடை போட்டோம். தடை நமக்குச் சுலபம். எல்லை என்றால்தான் கஷ்டம். 'போகாதே' என்று போர்டு வைக்க ஒரு நிமிஷம் போதும். 'எட்டுப் பேர் போகலாம், ஒன்பதாவது ஆள் கூடாது' என்று சொல்ல வேண்டுமானால் யாராவது உட்கார்ந்து கணக்குப் போட்டு, கையெழுத்துப் போட்டு, கரையில் நின்று எண்ண வேண்டும்.

1948-ன் தொழிற்சாலைச் சட்டம் தூக்கும் இயந்திரங்களுக்கு ஒரு விதி வைத்தது. பாதுகாப்பான எடையைக் கண்ணுக்குத் தெரிய எழுது, அதற்குமேல் ஏற்றாதே, 12 மாதத்துக்கு ஒருமுறையாவது ஆளை வைத்துச் சோதி. 29-வது பிரிவு. தொழிற்சாலைக்குள் இருக்கும் சங்கிலிக்கு இவ்வளவு மரியாதை. அதே மாதிரிச் சங்கிலி கேட்டைத் தாண்டிக் கடற்கரைக்கு வந்துவிட்டால் அநாதை.

சர்க்கார் வந்து எழுதும் என்று காத்திருக்கச் சொல்ல மாட்டேன். பழவேற்காட்டுக்காரர்களுக்கு எல்லை போடத் தெரியாதா? பாடு முறை என்று ஒன்று அங்கே தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், எந்த ஊர் ஆள் வலை கட்டலாம் என்று முறைவைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். முறை மாறி வலை கட்டினால் ஊர் கூடிக் கேட்கும். (அந்த முறைக்குள் சேர்க்கப்படாதவர்களுக்கு அதன்மேல் நியாயமான கோபம் உண்டு. அதைத் தனியாக ஒரு வாரம் பேச வேண்டும்.) கோடு போடாத தண்ணீரிலேயே கோடு பார்க்கிற ஜனங்கள் இவர்கள். ஊருக்குள் வாடகைக்கு வரும் ஒரு லோடரை நிறுத்தி, "எத்தினி கிலோ? எங்க எழுதிருக்கு? பின்பாரம் எங்க?" என்று மூன்று கேள்வி கேட்பது இவர்களுக்கு முடியாத காரியமா? பதில் இல்லாத வண்டிக்கு அன்றைக்கு வாடகை இல்லை என்று ஊர்ப் பஞ்சாயத்து சொன்னால் அடுத்த மாதமே எல்லா வண்டியிலும் எழுதியிருக்கும். பெயின்ட் என்ன விலை?

படகை என்ன செய்வது? இழுங்கள். தண்ணீரை இறைத்து, வலையையும் இன்ஜினையும் இறக்கிவிட்டு, அடியில் உருளைக் கட்டை போட்டு, டிராக்டரின் பின்னால், தாழ்வாக உள்ள கொக்கியில் கயிறு மாட்டி இழுங்கள். உயரமான இடத்தில் மாட்டினால் டிராக்டர் முன்பக்கம் தூக்கிக்கொண்டு பின்னால் மல்லாந்துவிடும், அது வேறு சாவு. கயிறு அறுந்தால் சவுக்குபோல அடிக்கும், பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது. முன்வரிசைப் படகுகளை முதலில் நகர்த்த வேண்டும். நேரமாகும், வாடகை ஏறும். இன்னொரு மணி நேர வாடகையை மிச்சம் பிடிக்கத்தானே நாலு பையன்களை ஏற்றினோம்?

இதையெல்லாம் அன்றைக்கு டீக்கடை வாசலில் மணலில் குச்சியால் கோடு போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன். டிரைவர் தம்பி பாதியில் எழுந்துபோய்விட்டார். ஊர்ப் பெரியவர் ஒருவர் மட்டும் கடைசிவரை கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்: "எழுதிடலாம் சார். பெய்ன்ட்டு நானே வாங்கித் தர்றேன். புயல் வர்ற ராத்திரில, கரண்ட்டும் இல்லாத நேரத்துல எவன் சார் அத்தப் படிப்பான்?"

நல்ல கேள்வி. யோசித்துப் பார்த்து ஒரு பதில் சொன்னேன். டிரைவர் படிக்கிற மாதிரி பானெட்டில் எழுத வேண்டாம். சங்கிலியை மாட்டுகிற ஆள் படிக்கிற மாதிரி பக்கெட்டின் முகத்தில், டார்ச் அடித்தால் பளிச்சென்று மின்னுகிற லாரி ஸ்டிக்கரில், ஒரு முழ உயரத்துக்கு எண்ணை மட்டும் ஒட்டுங்கள். பின்சக்கரத்தின் மட்கார்டில் இன்னொன்று: 'ஆள் ஏறாதே'. அதை எந்த உயரத்தில் ஒட்டுவது என்று அந்தப் பையன்களில் ஒருவனைக் கூப்பிட்டு வண்டி பக்கத்தில் நிற்கவைத்து அளந்துகொண்டிருந்தார் பெரியவர், நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது.